வெள்ளைக்காரர்களுக்குப் பிடித்த அடுப்பு

தெமோதரை

அன்புள்ள மகள் யசோதினிக்கு அம்மா எழுதுவது, மாரியம்மன் புண்ணியத்தில் நீ நோய்நொடி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன், நான் நடமாடிக்கொண்டு இருக்கிறேன், அப்பாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பாய், ஒரே அறைக்குள் எதைச் சொன்னாலும் அவர் காதில் விழுந்துவிடும், அதனால்தான் ஜோர்தானுக்கு வருகிற வேலாயி மகளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நம் லயத்துக் கடைசியில் பூட்டிக் கிடந்த வீட்டில் ஒரு வெள்ளைக்காரியும் புருஷனும் குடிவந்தார்கள் என்று சொன்னேனே, அவள் பேர் ஹன்னா. ஊரில் பெரிய உத்தியோகமாம், வீடு கார் எல்லாம் விற்றுவிட்டு வருஷக்கணக்காகத் தாய்லாந்து இந்தியா என்று சுற்றி, இனி எளிமையாகத்தான் வாழ்வது என்று இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். குழாயடியில் நம்மோடு வரிசையில் நிற்கிறாள், வெறுங்காலோடு நடக்கிறாள், அட்டை கடித்தால் சிரிக்கிறாள். வாசலில் தமிழில் லயம் என்று போர்டு வேறு. இந்தியாவில் யோகா படித்தபோது லயம் என்றால் மனசு கரைந்து அமைதியாவது என்று சொல்லிக்கொடுத்தார்களாம். தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டின லைன் வீடு நம் வாயில் லயமாகிப்போன கதையை யார் அவளுக்குச் சொல்வது. அதைக் கேட்டு அப்பா சிரித்த சிரிப்பில் இருமல் வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நல்ல மனுஷிதான், அதுதான் கஷ்டமே. ஒருநாள் நம் அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டாள், அது பிடித்துப்போய், வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் எல்ல டவுனிலிருந்து தன்னைப் பார்க்க வருகிறவர்களையெல்லாம் இங்கேயே கூட்டி வருகிறாள். விறகு எரிவதைச் சாமி பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். அப்பா இருக்கிற இடத்தில் புகையே கூடாது என்று பதுளை டாக்டர் சொல்லித்தானே நீ கேஸ் அடுப்பு வாங்கித் தந்தாய், அது கட்டிலுக்கடியில் கிடக்கிறது. முடியாது என்று சொல்லத்தான் இருந்தேன், அதற்குள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்து, அக்கா அடுப்ப மட்டும் அணைச்சிறாதீங்க, வெள்ளக்காரங்க இங்க வந்து போறது தோட்டத்து தொரைக்கு ரொம்பப் புடிச்சிருக்கு, பெரட்டுல பேர் இல்லாத வீடுன்னு அவருக்கு ஞாபகம் வந்துறக் கூடாது பாருங்க என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். காலைப் பெரட்டில் தோட்டத்து வேலைக்குப் பேர் கொடுக்க ஆளில்லாத வீட்டைத் தோட்டத்தார் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். நானும் அப்பாவும் வேலையை விட்டாயிற்று, நீ அங்கே. இந்த மனுஷனைக் கூட்டிக்கொண்டு நான் எங்கே போவேன் சொல்லு.

போன ஞாயிற்றுக்கிழமை ஈர விறகு, ஒரே புகை. அப்பா வெளியே பனியில் துண்டைப் போர்த்திக்கொண்டு இரைத்துக்கொண்டு நிற்கிறார், உள்ளே இவர்கள் படம் எடுக்கிறார்கள். எனக்குத் தாங்கவில்லை. ஹன்னாவுக்குத் தெரிந்த தமிழ் நாலு சொல், சோறு போடும்போது நான் சொல்லிக்கொடுத்தது, அதில் போதும் என்பதும் ஒன்று. அவள் கையைப் பிடித்து அப்பாவைக் காட்டி, அடுப்பைக் காட்டி, போதும்மா போதும் என்று அழுதுவிட்டேன். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது, என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறகு வந்திருந்தவர்கள் பக்கம் திரும்பி போதும் போதும் என்று சொல்லி இங்கிலீஷில் ஏதோ விளக்கினாள், எல்லோரும் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். இந்தப் புருஷனும் இந்த அடுப்பும் இருந்தால் எங்களுக்குப் போதும் என்று நான் சொன்னேனாம், கணக்கப்பிள்ளைதான் பிறகு சொன்னார். இப்போது அந்தச் சொல்லையும் போர்டில் எழுதி மாட்டிவிட்டாள்.

நீ இங்கிலீஷில் அவளிடம் பேசு என்று கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். பேசினால் நமக்கு நல்லது செய்வதாக நினைத்து நேரே துரையிடம் போவாள், அதோடு வீடு போய்விடும். பேசாமல் இருந்தால் அப்பா என்ன ஆவார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை மகளே, நீயும் அங்கே இருந்துகொண்டு என்ன செய்வாய்.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி ஷிப்ட் முடிந்து தனியாக வராதே. அம்மன் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டாள். ஒன்று மட்டும் மறக்காதே, போன் எடுக்கும்போது அப்பாவிடம் கேள்வி கேட்காதே, நீ பேசு, அவர் கேட்டுக்கொண்டிருக்கட்டும். நீ பேசுகிற நாளென்றால் உனக்குப் பதில் சொல்ல வேண்டுமென்று காலையிலிருந்து யாரோடும் பேசாமல் மூச்சைச் சேர்த்து வைக்கிறார்.

உன் அம்மா
சி. கருப்பம்மா