காய்ச்சல் விட்ட நாள்

செவ்வாய்க்கிழமை இரவு. ஆஸ்பத்திரி.

மகள் தர்ஷினிக்கு இன்று காலை டெங்கிக் காய்ச்சல் விட்டது. லகாட் ஊரிலிருந்து வந்த நாத்தனார் அடுப்பில் வேப்பிலைத் தண்ணீரை வைத்துவிட்டாள்.

"அதான் விட்டுருச்சே அண்ணி, புள்ளைக்குத் தலைக்கு ஊத்திருவோம்."

"நான் என்ன கோழியா அத்தை, சுடுதண்ணி ஊத்த? வேணாம்லா" என்று தர்ஷினி சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருஷம் என் மகன் குமாருக்கும் டெங்கிதான். காய்ச்சல் விட்ட அன்று அவனும் இப்படித்தான் சிரித்தான். மறுநாள் அவன் இல்லை. டாக்டரம்மா அப்போது சொன்னார்: "ரத்தக் குழாய்க்கு உள்பக்கம் செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு நெருக்கமா ஒட்டியிருக்கும்மா. டெங்கியில காய்ச்சல் விடுற நேரத்துலதான் அந்த ஒட்டு விட்டுப்போகும். ரத்தத்துல உள்ள தண்ணி உள்ளுக்குள்ளயே கசியும். வெளியே ஒண்ணும் தெரியாது."

பிள்ளையின் காலைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. "வயிறு வலிக்குதும்மா" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு நாத்தனாரைக் காரை எடுக்கச் சொன்னேன்.

"காய்ச்சலே இல்லாத புள்ளைய எதுக்கு அண்ணி இழுத்துக்கிட்டுப் போறீங்க?" என்று அவள் வழியெல்லாம் முணுமுணுத்தாள்.

இப்போது டிரிப் ஏறுகிறது. விடியட்டும், பார்ப்போம் என்கிறார்கள். பிள்ளை அமைதியாகத் தூங்குகிறாள். அந்தத் தோலுக்கு அடியில் எது எதை விட்டு விலகுகிறதோ. நெஞ்சில் காதை வைத்துக்கூடப் பார்த்தேன். கசிவதற்குச் சத்தமில்லை.

நெற்றி குளிர்ந்தே இருக்கிறது. காய்ச்சல் திரும்பி வரட்டும் முருகா என்று வேண்டிக்கொண்டேன். எந்தத் தாய் இப்படிக் கேட்பாள்?