ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

என் அருமை அம்மா,

நீ போன பிறகு யார்மேலும் கோபப்படக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை. போன வாரம் ஆண்டர்சன்பேட்டையில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெண் வந்தாள், கையில் டேப் ரெக்கார்டர். தங்கச் சுரங்கத் தொழிலாளர் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி, சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் பேட்டி எடுக்க வேண்டுமாம். "நீங்க கூடப் போனா கதவத் தெறப்பாங்க டீச்சர்," என்றார் ஹெட்மாஸ்டர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நான் பள்ளியில் படித்தபோது ஊரிகம் லைனில் நம் கதவும் அப்படித்தானே திறந்தது? பட்டத்துக்காகப் பேட்டி எடுக்க வந்த அந்த ஆராய்ச்சிக்காரருக்கு முன்னால் சுரங்கத்தின் லேபர் ஆபீஸ் ஆள் ஒருவர் நடந்து வந்தார். வீடு சுரங்கத்துக்குச் சொந்தம். பதில் சொல்லாவிட்டால் காலி செய்யச் சொல்வார்களோ என்று பயந்து, அவசரமாகத் தரையைத் துடைத்து, காபியும் போட்டுக் கொடுத்தாய். வேண்டாம் என்று சொல்லலாம் என்பதை உனக்கு யார் சொன்னார்கள்?

ஆராய்ச்சிக்காரர் டேப் மெஷினைத் தரையில் வைத்து, பிள்ளைகளுக்கு வீட்டில் யார் பாடம் சொல்லித் தருவது என்று கேட்டார். நீ தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னாய்.

"எங்க வீட்டுக்காரருக்குப் படிக்கத் தெரியாது சார். பொண்ணு பேப்பர் படிச்சுக் காட்டும். அத மனசுல வச்சிகினு, வெளிய போய் பேப்பரப் பிடிச்சிகினு படிக்கிற மாரி சொல்வாரு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

தான் மட்டுமே கேட்கப்போவதாகச் சொன்னார் அந்தப் பெரிய மனிதர்.

அப்புறம் என் பள்ளி ஆண்டுவிழாவில் பெற்றோருக்குப் புத்தி சொல்கிறேன் என்று மேடையேறி அதே டேப்பைப் போட்டார். பெயரைச் சொல்லவில்லையாம், அதனால் தப்பில்லையாம். தண்ணீர்க் குழாயடியில் தினமும் கேட்கிற குரலுக்குப் பெயர் வேறு வேண்டுமா? அப்பாவோடு ஒரே ஷிப்டில் இறங்குகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அப்பா பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

வீட்டில் அவர் உன்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"என்னப் பத்திச் சொல்றதுக்கு முன்னாடி என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

அந்த ஆராய்ச்சிக்காரரைக் கேட்க வேண்டிய கேள்வி அது. உன் தலையில் வந்து விழுந்தது. அதற்கப்புறம் அப்பா பேப்பரைத் தொடவே இல்லை. நீயும் சாகும்வரை புது மனிதர்களிடம் வாய் திறக்கவில்லை. அவருக்குப் பட்டம் கிடைத்திருக்கும். நம் வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியுமா? தெரிந்தால்தான் என்ன செய்திருப்பார்?

இந்தப் பெண்ணோடு நான் போனேன் அம்மா, கோபித்துக்கொள்ளாதே. மெஷினைத் திறப்பதற்கு முன் நான்தான் பேசுவேன் என்று நிபந்தனை போட்டேன். முதல் வீட்டு வாசலில் நின்று, என்ன கேட்கப்போகிறாள், அந்தக் குரலை யார் யார் கேட்பார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "இஷ்டம் இல்லன்னா சொல்ல வேணாம்மா. வீடு போவாது. பசங்களுக்கும் ஸ்கூல்ல ஒண்ணும் ஆவாது," என்றேன்.

அந்த அம்மாள் என்னையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ வேணாம் டீச்சர்," என்று கதவைச் சாத்திவிட்டாள்.

கூட வந்தவளுக்கு முகம் வாடிப்போயிற்று. எல்லா வீட்டிலும் இப்படிச் சாத்தினால் என்ன செய்வது என்றாள். திரும்பிப் போக வேண்டியதுதான் என்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சாத்துவதற்கு உனக்கும் ஒரு கதவு இருந்ததே அம்மா!

இனி என்னைக் கூட்டிக்கொண்டு இந்த லைன்களுக்குள் வருகிற யாரையும், கேட்காமல் ஒரு குரலை எடுத்துப்போக விடமாட்டேன். இது உனக்கும் அப்பாவுக்கும் நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
அப்பாவுக்குப் பேப்பர் படித்துக் காட்டிய உன் மகள்