பட்டிக் கம்பு இன்னும் போடவில்லை

சான் எலியாஸ், தெற்கு டெக்சஸ்
1937 அக்டோபர் 10, ஞாயிறு

அன்பு மகன் லிப்ராதோவுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. நீ கலிஃபோர்னியாவில் எலும்பு எதுவும் முறியாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தால் எனக்கு அது போதும்.

மழை வரவில்லை. மே மாதம் ஒரு நாள் மண்ணை நனைத்ததோடு சரி, புல் என்று ஒன்று இருந்ததே மாடுகளுக்கு மறந்துபோயிருக்கும், சப்பாத்திக்கள்ளியைத்தான் போடுகிறோம். உன் அப்பா விடிந்ததும் அந்த மண்ணெண்ணெய்த் தீக்குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு கள்ளியின் முள்ளைச் சுட்டுக்கொண்டே போகிறார், அது உறுமுகிற சத்தம் கேட்டதும் மாடெல்லாம் பின்னாலேயே ஓடுகிறது. அறுபத்துநாலு வயதில் அந்தச் சுமை ஆகாது என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஹெர்லிண்டாவின் பெரியவளுக்கு இருமல், சின்னவனுக்குப் பல் முளைக்கிறது, உன் தங்கை இளைத்துப்போய்விட்டாள். பண்ணைக்குப் புதிதாக வந்த மேனேஜர் வடக்கிலிருந்து விருந்தாளிகளைக் கூட்டிவருகிறார், கௌபாய்களை நேரில் பார்க்க வேண்டுமாம். உன் அப்பாவை நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள், அவர் தொப்பி அழுக்காக இருக்கிறதென்று வேறு ஒன்றைக் கொடுத்து, இடுப்பில் ஒரு துப்பாக்கியையும் கட்டிவிட்டார்கள். ஒரு அம்மாள் நீங்கள் எத்தனை பேரைச் சுட்டிருக்கிறீர்கள் என்று கேட்டாளாம். "ஒரே ஒரு நரியம்மா, அதுவும் தப்பிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் சிரிக்கச் சிரிக்கப் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி, மகனே. அதன் பிறகு நடந்ததைத்தான் எழுதப் போகிறேன், எப்படி எழுதுவதென்று தெரியாமல் மூன்று ஞாயிறாகத் தள்ளிப்போட்டேன்.

ஜூலையில் நீ எழுதியிருந்தாயே, ஏப்ரலில் எடுத்த படம் வரப்போகிறது, அதில் குதிரையோடு நான் விழுகிற இடம் நன்றாக வந்திருக்கிறது, முகம்கூடத் தெரியும் என்று. அந்தப் படம் நம் டவுனுக்கு வந்தது. மாப்பிள்ளையின் லாரியில் எல்லோரும் போனோம், உன் அப்பா கல்யாணத்துக்குப் போகிற மாதிரி சவரம் செய்துகொண்டார். நம் மெக்சிகோ ஆட்களுக்கு மாடியில்தான் இடம், கீழே வெள்ளைக்காரர்கள் என்பது உனக்குத் தெரிந்ததே. பாதிப் படம் ஓடிய பிறகு, "மாடு எப்ப வரும்?" என்று என்னைக் கேட்டார். வரவே இல்லை. படம் முழுக்கத் துப்பாக்கியும் பாட்டும்தான், அத்தனை மாட்டுக்காரர்கள் இருந்தும் ஒரு கன்றுக்குட்டி கிடையாது. கயிற்றை எறிவதும் சேணத்தின் கொம்பில் கயிற்றைச் சுற்றுவதும் நம் ஆட்களிடமிருந்துதான் இவர்கள் கற்றுக்கொண்டது, அந்தப் படத்திலோ நம் ஆள் என்றால் கொள்ளைக்காரன். உனக்கு ஒட்டுமீசை வைத்திருந்தார்கள். அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார்.

பிறகு நீ குதிரையில் பறந்து வந்தாய். நெற்றியில் நட்சத்திரம், இடது பின்னங்கால் வெள்ளை, நம் குதிரை லூசேரோவுக்கு இருப்பது போலவே. நான் உன் அப்பா முகத்தைப் பார்த்தேன், அவருக்கு என்னைப் பார்க்க நேரம் இல்லை. குதிரை தலைகுப்புறப் போய் உருண்டது, நீ தூரப் போய் விழுந்தாய், கீழே எல்லோரும் கைதட்டினார்கள், ஹெர்லிண்டாவும் தட்டினாள். உடனே படத்தின் கதாநாயகன், அந்த வெள்ளைக்குதிரைக்காரன், வந்துவிட்டான். உன் அப்பா எழுந்து நின்று, இருட்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "குதிரையக் காட்டுங்கடா" என்றார். கீழே இருந்தவர்கள் சிரித்தார்கள். உட்காருங்கள் என்று நான் கையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

வெளியே வந்து லாரியில் ஏறின பிறகுதான் வாயைத் திறந்தார். "அது தடுக்கி விழல. முன்னங்கால் ரெண்டையும் ஒரே நேரத்துல இழுத்திருக்கான். அதுல கம்பி கட்டியிருக்கான் பாவி" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. ஹெர்லிண்டா, அண்ணனுக்கு அடிபடலையே அதுவே பெரிசு என்றாள். அதற்கு அவர், "விழுந்தா மொதல்ல குதிரையப் பாரு, அப்புறம் ஒன்னப் பாருன்னு சொல்லித்தானே வளத்தேன். இவன் கண்ண மூடிக்கிட்டுக் கெடக்கான்" என்றார். அவன் செத்துப்போன மாதிரி நடிக்கிறான், அவர்கள் சொன்னபடிதானே செய்ய முடியும் என்று நான் உனக்காகப் பேசினேன். "செத்தவன் பாக்க வேணாம். இவன் உசுரோடதானே இருந்தான்" என்றார்.

மறுநாளும் போனார், பதினோரு மைல். அதற்கு மறுநாளும். படம் ஓட்டுகிற பையனிடம் குதிரை எழுந்திருக்கிற இடம் எங்கே என்று கேட்டிருக்கிறார், அவன் "தாத்தா, படத்துல அவ்வளவுதான் இருக்கு" என்று சொல்லியிருக்கிறான்.

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும். ஏப்ரலுக்குப் பிறகு நீ எழுதின கடிதம் எதிலும் லூசேரோவைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்குத் தெரியாமல் இல்லை. உன் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, ஒவ்வொரு கடிதத்தையும் நான்தான் வாசித்துக் காட்டுகிறேன், முதலில் அவர் கேட்பதே லூசேரோ எப்படி இருக்கான் என்றுதான். தாய் செத்த குட்டியை ஆட்டுப்பால் ஊட்டி வளர்த்து, ஒரு அடி அடிக்காமல் ஒரு வருஷம் பழக்கி, நீ புறப்படும்போது கடிவாளத்தைத் தன் கையாலேயே உன் கையில் கொடுத்த மனுஷன். அவரிடம் எப்படி ஒன்றும் எழுதவில்லை என்று சொல்வேன். லூசேரோ நன்றாக இருக்கான், நன்றாகத் தின்கிறான் என்று நானே சேர்த்து வாசித்தேன். ஒரு தடவை புது லாடம் அடித்ததாகக்கூட வாசித்தேன். மூன்றாம் முறை படம் பார்த்துவிட்டு வந்தவர் உன் கடிதப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஹெர்லிண்டா வீட்டுக்குப் போனார், அவள் பாவம், இருப்பதை இருப்பது போல வாசித்துவிட்டாள். திரும்பி வந்து பெட்டியை மேசையில் வைத்து, "லாடம் அடிச்சது எந்தக் கடுதாசில இருக்கு?" என்று கேட்டார். நான் பீன்ஸ் அடிபிடிக்கிறது என்று அடுப்புப் பக்கம் போய்விட்டேன். நாற்பத்தொரு வருஷத்தில் அவர் என்னிடம் சத்தம் போட்டிருக்கிறார், கோபித்திருக்கிறார், இப்படிப் பேசாமல் இருந்ததில்லை. இனி உன் கடிதத்தை ஹெர்லிண்டாதான் வாசிக்க வேண்டுமாம்.

அன்றிலிருந்து பட்டி வாசலில் மேல்கம்பைப் போடுவதில்லை. வெளியே போனது ஒன்று திரும்பாத வரைக்கும் கம்பைப் போடக் கூடாது என்பது நம் வழக்கம்தான், அதற்காக மூன்று வாரமா. கோவேறு கழுதை தினமும் தாண்டிப் போய்விடுகிறது, இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நான்தான் அதை அடுத்தவர் சோளக்காட்டிலிருந்து ஓட்டிவருகிறேன். ஒரு நாள் நானே கம்பைப் போட்டேன், அவர் வந்து எடுத்துக் கீழே வைத்தார். அலுத்துவிட்டது, மகனே.

குதிரையில் போனவன் சேணத்தைத் தோளில் சுமந்துகொண்டு நடந்து வருவதைவிட வெட்கம் நம் ஆட்களுக்கு வேறு இல்லை. கோடையில் வருகிறேன் என்றாய், வரவில்லை. படம் பார்த்த பிறகுதான் அது ஏன் என்று எனக்கு உறைத்தது. உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை, அங்கே உனக்கு விழுகிற வேலையைத் தவிர வேறு யாரும் தரவில்லை என்பது எனக்குத் தெரியும். அது வேறு குதிரையென்றால் அப்படி எழுது. லூசேரோதான் என்றால் அதையும் எழுது. நீ எழுதினதைத்தான் ஹெர்லிண்டா வாசிப்பாள், என்னால் இனி எதையும் மூடி மறைக்க முடியாது.

மாதா உன்னோடு இருக்கட்டும், எங்கள் இருவர் ஆசியும் உனக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போ. போன வருஷம் இடுப்பில் அடிபட்ட இடத்துக்குச் சூடு ஒத்தடம் கொடுக்க மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ரெஃபூகியா

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கப் போகும்போது உன் அப்பா வந்து நின்றார். மூன்று வாரத்துக்குப் பிறகு என்னோடு பேசியது இதுதான், சொன்னபடியே எழுதச் சொன்னார், என் சொல் ஒன்றுகூடச் சேர்க்கவில்லை: "லூசேரோ எந்திரிக்கலன்னு எனக்குத் தெரியும். அந்தக் கழுத்து போன போக்குலயே தெரிஞ்சுபோச்சு. கம்பு அவனுக்காக எறக்கி வைக்கல. இவன் சேணத்தத் தூக்கிக்கிட்டு நடந்தே வரட்டும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."