அத்தையின் நெருப்புச் சட்டி

டிசம்பர் 12, வெள்ளி

கல்யாணமாகிக் கோத்தகிரி வந்த முதல் குளிரில், அத்தை என் கட்டிலடியில் கரி நெருப்புச் சட்டியை வைத்தார். மாமியார் என்ற பயம் அன்றே போனது.

இன்று அதே சட்டியைப் பாப்பாவின் தொட்டிலடியில் வைத்து, கதவையும் சன்னலையும் சாத்தினார். நான் வெளியே தூக்கி வைத்தேன்.

"உன்ர புருசன் இந்தச் சூட்டுல வளந்தவன்தான், அம்மிணி!"

"பூட்டுன ரூம்ல கரிப்புகை ஆளையே கொல்லுமுங்க அத்தை."

"படிச்ச திமிரு."

சட்டியைத் தன் அறைக்கே கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பாப்பாவின் மூச்சை நாலு தடவை தொட்டுப் பார்த்தேன். பிறகு எழுந்துபோய், தூங்கும் அத்தையின் அறையிலிருந்தும் சட்டியைத் தூக்கிவந்து தண்ணீர் ஊற்றினேன். என் கம்பளியை அவர்மேல் போர்த்தினேன்.

காலையில் திட்டுவார். திட்டட்டும். திட்டுவதற்கு அவர் எழுந்திருக்க வேண்டுமே.