மிச்சமான கிளாம்ப்

நிவேதா,

இட்லி மூடி வெச்சிருக்கு. பைக் சாவி ஃப்ரிட்ஜ் மேல. நீயே எடுத்துக்கோ, நான் பஸ்ல போறேன்.

நேத்து லோத்குண்டா சிக்னல்ல வண்டி நின்னது உன் தப்பில்ல. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனைக் கழட்டி கார்புரேட்டர் மாட்டினப்போ, அதை இன்ஜினோட சேர்க்கிற ரப்பர் குழாயை இறுக்குற கிளாம்ப் போட மறந்துட்டேன். அதுல காத்து புகுந்துதான் நின்னிருக்கு. துவைக்கப் போட்ட என் சட்டையில இருந்த கிளாம்பைக் காட்டி, "இது பைக்கோடதா அப்பா?"ன்னு போன வாரமே கேட்டே. மிச்சமானது, தூக்கிப் போடுன்னேன். நல்லவேளை, நீ தூக்கிப் போடாம ஜன்னல்ல வெச்சிருந்தே. நான்தான் நேத்து "கிளட்ச் விடத் தெரியல"ன்னு கத்தினேன்.

இன்னைக்குக் காலையில அந்தக் கிளாம்பை மாட்டி, நிக்கும்போது இன்ஜின் அணையாம ஐடில் செட் பண்ணி, திருமுல்கேரி வரைக்கும் ஓட்டிப் பார்த்துட்டேன். எங்கேயும் நிக்கல.

உனக்குத் தமிழ் படிக்க வராது, தெரியும். அம்மாவைச் சத்தமா படிக்கச் சொல்லு. அவ முன்னாலதானே உன்னைத் திட்டினேன்.

அப்பா