சுமதிக்கு வாய்த்த சர்க்கரை

ஜூன் 9, செவ்வாய்

வெறும் வயிற்றில் (வெ.வ.) சர்க்கரை 168. விடிந்ததிலிருந்து பாலக்காட்டுக் காற்று, கூடவே சாரல். மாடியில் போட்ட துணி ஒன்றும் காயவில்லை. பத்தாம் வகுப்புப் பாடக்குறிப்பு இன்னும் எழுதவில்லை.

ஏழு மணிக்குப் பெருந்துறையிலிருந்து தங்கச்சி சுமதி போன். குரலே துள்ளியது. பன்னிரண்டு வருடமாக விழுங்கும் சர்க்கரை மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டாராம். குறைக்க இல்லை, நிறுத்த. ஈரோட்டில் புது டாக்டர். ஒல்லி உடம்பு, மாத்திரை போட்டாலும் அதே அளவு, மறந்தாலும் அதே அளவு. சந்தேகப்பட்டு ரத்தத்தை எங்கோ அனுப்பி ஜீன் பார்த்திருக்கிறார். குளுக்கோகைனேஸ் என்ற நொதியில் பிறவியிலேயே சின்ன மாற்றமாம். சர்க்கரை கொஞ்சம் கூடுதலாகவே நிற்கும், அதற்குமேல் ஏறாது. கண்ணுக்கும் கிட்னிக்கும் பயமில்லை. மருந்தே வேண்டாம்.

"அக்கா, எனக்கு இருக்கறது சீக்கே இல்லையாமா."

ரொம்ப சந்தோஷம் என்றேன். போனை வைத்துவிட்டு ஊசி போட்டுக்கொண்டேன். காலையில் பதினாறு யூனிட், ராத்திரி பத்து. சந்தோஷம் ஒன்றும் இல்லை. யார் பார்க்கப் போகிறார்கள், எழுதிவிடுகிறேன்: வயிறு எரிகிறது.

ஜூன் 11, வியாழன்

வெ.வ. 174.

கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய. முருங்கைக்கீரை. தாரணி ஜாதகம் நாலு நகல் எடுக்க. என் பெண்ணுக்கு இருபத்தைந்து நடக்கிறது, தரகர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

இருபத்திரண்டு வருடமாக நொதி நடத்துகிறேன். வாயில் அமைலேஸ், வயிற்றில் பெப்சின். கல்லீரல் சர்க்கரை தயாரிப்பதை எப்போது நிறுத்த வேண்டும், கணையம் எப்போது இன்சுலினை விட வேண்டும் என்று பார்த்திருந்து சொல்ல ஒரு நொதி உண்டு என்று ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்லை. பாடத்தில் இல்லை. அதை எனக்கு விளக்குகிறாள், அறிவியலில் இரண்டு தடவை கோட்டைவிட்ட சுமதி. "அது வாட்ச்மேனாட்டமாமா அக்கா. எனக்கு வாச்சவன் கொஞ்சம் லேட்டா எந்திரிக்கறான், அவ்வளவுதான். மத்தபடி வேலை சுத்தமாமா."

அப்பாவுக்கும் பார்த்தார்களாம். அவருக்கும் அதே. எழுபத்தொன்பது வயது, சுமதியோடு இருக்கிறார். எப்போது பார்த்தாலும் லேசாகச் சர்க்கரை, மாத்திரையைத் தொட்டதில்லை, தினமும் சாயங்காலம் ஒரு தேங்காய் பன். பிடிவாதக்காரர் என்று திட்டிக்கொண்டிருந்தோம்.

அப்பா நிறம் அவளுக்கு. அப்பா முடி அவளுக்கு. அப்பாவே அவள் வீட்டில். இப்போது இதையும் அவளுக்கே கொடுத்திருக்கிறார்.

ஆனால் பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி வருமாம். எனக்கும் வந்திருக்கலாம். நேற்றிலிருந்து இதே நினைப்பு.

ஜூன் 13, சனி

ஈரோடு போய் ரத்தம் கொடுத்தாயிற்று. டாக்டர் என் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். எனக்கு அதுவாக இருக்காது, என் அளவு மேலும் கீழும் ஆடுகிறது, இருந்தாலும் ஆசைப்பட்டால் பார்க்கலாம் என்றார். ஆசைப்பட்டேன். முடிவு வர மூன்று வாரம்.

திரும்பும் வழியில் பெருந்துறையில் இறங்கினேன். சுமதி வீட்டில் சந்தகை, அரிசிச் சேவை. அவளுக்கும் அப்பாவுக்கும் தேங்காய்ப்பால், வெல்லம். எனக்கு மட்டும் தனியாக எலுமிச்சை பிழிந்து தாளித்து வைத்திருந்தாள். அன்பாகத்தான் செய்தாள். அதுதான் இன்னும் எரிந்தது.

நிவேதாவுக்கு, அதாவது அவள் பெண்ணுக்கு, காரமடையில் இடம் அமைந்திருக்கிறது. பையனுக்குக் கோயமுத்தூரில் வேலை. இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்கிறார்கள். பேசும்போதெல்லாம் நிவேதா மொட்டைமாடிக்கு ஓடிவிடுகிறாள். ஆடி பிறப்பதற்குள் உறுதி செய்யவேண்டும். "நீங்கதான் முன்ன நிக்கோணும்" என்றாள் சுமதி. நிற்கிறேன் என்றேன்.

ஜூன் 16, செவ்வாய்

நேற்று முழுக்க ஊசி போடவில்லை. எனக்கும் அதுதான் என்றால் ஏறாதே, பார்க்கலாம் என்று.

வெ.வ. 281. போட்டுக்கொண்டேன். கணக்கு டீச்சர், முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

ஜூன் 21, ஞாயிறு

வெ.வ. 159.

சிங்காநல்லூரில் ஒரு கல்யாணம். சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து இலையில் காரமடைக்காரம்மா, பையனின் அம்மா. எங்கள் பக்கம் பெண் விசாரிப்பது இப்படித்தான். நேரே வந்து கேட்கமாட்டார்கள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, ரசம் வருகிற நேரமாகப் பார்த்துக் கேட்பார்கள்.

லட்டை நான் ஒதுக்கியதைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார். "ஏனுங் டீச்சரம்மா, சுகருங்களா? எங்க ஊட்டுலயும் மூணு பேருக்கு இருக்குதுங்." நிவேதாவின் அம்மாவுக்கும் உண்டென்று கேள்விப்பட்டாராம்.

ஆமாங்க என்று சொல்லிவிட்டு ரசத்தை வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

"எனக்குச் சாதா சுகருங்க. அவளுக்குத்தான் ஜீன்லயே இருக்குதுங்க. எங்கப்பனுக்கு, அவளுக்குன்னு வழிவழியா வருதுங்களாமா."

பொய் ஒன்றும் இல்லை. சொன்னது அத்தனையும் சரி. அதனால் ஒரு கெடுதலும் இல்லை, மருந்தே தேவையில்லை என்று அடுத்து ஒரு வரி இருக்கிறது. அதை நான் சொல்லவில்லை. மறந்துபோய்விட்டது என்று எழுத நினைத்தேன். மறக்கவில்லை.

பாயசம் வருவதற்கு முன்பே அந்தம்மா இலையை மடித்துவிட்டார்.

ஜூன் 26, வெள்ளி

வெ.வ. 190. கொத்தமல்லி கட்டு அழுகல். இவர் செருப்பு தைக்கக் கொடுத்தது வாங்க.

காரமடை இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஜாதகத்தை மறுபடி பார்த்ததில் பொருந்தவில்லை என்று பேச்சு. தரகர் மட்டும் சுமதியிடம் உள்ளதைச் சொல்லியிருக்கிறார்: ஜீன் கோளாறு உள்ள குடும்பமாம்.

நினைத்தால் வேடிக்கைதான். கால் விரலை எடுக்க வைக்கிற சர்க்கரை என்றால் யாரும் அசையமாட்டார்கள், வீட்டுக்கு வீடு சுகர் பார்க்கிற மெஷின் இருக்கிறது. ஒன்றும் செய்யாத சர்க்கரைக்குப் பயந்து எழுந்து போகிறார்கள். சாதா சுகர் என்று சொல்லியிருந்தால் இந்நேரம் சுமதி உறுதிக்குப் புடவை எடுத்துக்கொண்டிருப்பாள்.

சுமதி அப்படி அழுதாள். நிவேதா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, போனை அணைத்து வைத்துவிட்டாள். லேப்காரர்கள் யாரோதான் சொல்லிவிட்டார்கள் என்கிறாள் சுமதி. என்மேல் சந்தேகம் துளியும் இல்லை. "நீங்க படிச்சவங்க. அந்தம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிப் பாருங்க்கா" என்றாள். சரி என்றேன். போன் செய்யவில்லை.

அவள் அழும்போது எனக்குள் ஒரு ஓரத்தில் இனித்தது. அதையும் எழுதி வைக்கிறேன். பன்னிரண்டு வருடம் நானும் அவளும் ஒரே மாதிரி ஒதுக்கினோம், ஒரே மாதிரி நடந்தோம், நம்பரை மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரித்தோம். திடீரென்று அவள் மட்டும் எழுந்து போனாள். இப்போது அவளுக்கும் ஒன்று கசந்திருக்கிறது. இப்படி நினைக்கிறவளுக்கு டீச்சர் என்று பெயர்.

ஜூலை 3, வெள்ளி

வெ.வ. 171. எட்டாம் வகுப்புக்கு நுண்ணோக்கி காட்டினேன். வெங்காயத் தோல்.

மூன்றாம் பீரியடில் ரிப்போர்ட் போனுக்கு வந்தது. ஆய்வகத்திலேயே நின்று படித்தேன். எனக்கு அந்த மாற்றம் இல்லை. என் நொதி ஒழுங்காகத்தான் இருக்கிறது. அது ஒழுங்காக இருப்பதற்கு யாராவது இப்படி அழுவார்களா தெரியாது.

அம்மாவின் சர்க்கரைதான் எனக்கு. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போய்க் கடைசியில் அதிலேயே போன அம்மா.

யாரிடமும் சொல்லவில்லை. இவரிடமும் இல்லை.

ஜூலை 5, ஞாயிறு

வெ.வ. 166. காற்று நின்றிருக்கிறது. இட்லி மாவு பொங்கி வழிந்து மேடையெல்லாம்.

ஒன்பதரைக்குக் காரமடைக்காரம்மா போன். முதலில் நன்றி. அன்றைக்கு நான் மனதில் ஒன்றும் வைக்காமல் சொன்னதால் பிழைத்தார்களாம். பிறகு மெல்ல விஷயத்துக்கு வந்தார். ஆடி வருகிறது, பையனுக்கும் இந்த வருஷம் முடிக்க வேண்டும், தாரணி ஜாதகம் அனுப்ப முடியுமா.

"உங்களுக்குச் சாதா சுகர்தானுங்களே. அது எல்லார் ஊட்டுலயும் இருக்கறதுதானுங்க."

ஜாதக நகல் மேசைமேல்தான் இருந்தது. என் கை அதன்மேல் போனது. நல்ல பையன், நல்ல குடும்பம், தூரமும் இல்லை. உடனே மொட்டைமாடிக்கு ஓடும் நிவேதா ஞாபகத்துக்கு வந்தாள். சுமதி ஞாபகத்துக்கு வந்திருந்தால் இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

"எனக்கும் அதேதானுங்க. முந்தாநேத்துத்தான் ரிப்போர்ட் வந்துச்சுங்க. எங்கப்பன், நானு, சுமதி, மூணு பேருக்குமே."

அதன்பிறகு அன்றைக்கு விட்ட வரியையும் சொன்னேன். மருந்தே வேண்டாம், எழுபத்தொன்பது வயதில் எங்கப்பா கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறார், சந்தேகம் இருந்தால் டாக்டர் நம்பர் தருகிறேன், நிவேதா மாதிரி பெண் கிடைக்காது என்று வகுப்பில் சொல்வதுபோல் வரிசையாக. அந்தம்மா அப்படிங்களா, அப்படிங்களா என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மனம் மாறினாரா தெரியவில்லை. தாரணிக்கு இனி அந்தப் பக்கம் கதவு இல்லை, அது தெரியும்.

சொல்லும்போது ஒரு நிமிடம் நிஜமாகவே எனக்கும் இருப்பதுபோல் இருந்தது. நன்றாகத்தான் இருந்தது.

மத்தியானம் சுமதி கூப்பிட்டாள். அந்தம்மா தரகரிடம் சொல்லி, தரகர் இவளிடம் சொல்லிவிட்டார். பந்தியில் பேசியது யார் என்றும் சேர்த்துச் சொல்லியிருப்பார் என்று பயந்துகொண்டே எடுத்தேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"அக்கா, உங்களுக்கும் இருக்குதாமா. இனி அந்த ஊசி வேண்டாமில்லீங்க்கா."

அப்பாவைக் கூப்பிட்டுச் சத்தமாகச் சொன்னாள், அக்காவுக்கும் ஊசி நின்றுபோச்சு என்று. நிவேதா பேச்சையே அவள் எடுக்கவில்லை.