ஒருவருக்கு ஒரு கையெழுத்து

அக்கா,

போன சனிக்கிழமை சங்கத்து இரும்பு அலுமாரியைத் திறந்தோம். திறந்ததும் காய்ந்த வேப்பிலை வாசம் முகத்தில் அடித்தது. புத்தகங்களுக்குப் பூச்சி பிடிக்காமல் இருக்க நீங்கள் பக்கங்களுக்கு நடுவே வைத்த இலைகள். நீங்கள் போய் எட்டு மாதமாகிவிட்டது, வாசம் மட்டும் போகவில்லை. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான். அதை வேறு யாரிடம் சொன்னாலும் விளங்காது என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

அலுமாரியை ஏன் திறந்தோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். எங்கள் கரண்ட் சங்கத்துக்குப் பணிப்பாளர் சபைத் தேர்தல் வந்திருக்கிறது. ஏழு இடம். ஒன்பது பேர் மனுப் போட்டார்கள். ஒன்பது மனுவும் தள்ளுபடி.

சிரிக்காதீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தர்மபுரத்திலிருந்து உள்ளே, காட்டோரம் இருக்கிற இந்தக் குடியிருப்புக்குப் பெரிய லைன் இப்போதைக்கு வராது என்று எல்லோரும் கைவிரித்த பிறகு, சோலர் தகடுகளை நட்டு இந்தச் சங்கத்தைத் தொடங்கினோம். விளக்குக்கு அது போதும். தோட்டத்து மோட்டர்களுக்குத்தான் போதாது. ஒரே நேரத்தில் ஐந்து மோட்டருக்கு மேல் ஓடினால், கடைசிக் கம்பத்தில் இருக்கிற எங்கள் ஆறு வீட்டிலும் மோட்டர் முனகும், தண்ணீர் ஏறாது. அதற்காகத்தான் நீங்கள் அந்த முறைப்பலகையைச் செய்தீர்கள். ஒரு பலகை, மணிக்கு ஒரு வரிசை ஆணி, வீட்டுக்கு ஒரு தகரத் துண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், வெள்ளைச் சேலையை மாற்றாமலே, ஒவ்வொரு தகரத்தையும் அடுத்த ஆணிக்கு நகர்த்துவீர்கள். வெயில் நன்றாக ஏறிய பத்து மணி, இந்தக் கிழமை ஒருவருக்கென்றால் அடுத்த கிழமை வேறொருவருக்கு.

முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்து எங்கள் ஊருக்கு வாழ வந்த ஆள் நீங்கள். மிளகாய்க் கன்றுக்கும் கத்தரிக் கன்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் வந்தவர் என்று கிண்டல் செய்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் முறை என்றால் என்ன என்று எங்களுக்கு விளங்கவைத்தது உங்கள் கடல்தான். "கரைவலை இழுக்கேக்க எல்லாரும் ஒரு பக்கக் கயிறைப் பிடிச்சா, மீன் மற்றப் பக்கத்தால போயிடும்" என்று சொன்னீர்கள். அதற்குப் பிறகு யாரும் பலகையோடு வாதாடவில்லை.

இப்போது வாதாட்டம் என்ன, அடிபிடியே நடக்கிறது. நீங்கள் போன பிறகு தகரங்களை நகர்த்த ஆளில்லை. பழைய சபை காலம் முடிந்து கலைந்துவிட்டது. லைனின் தலைப்பக்கத்தில் இருக்கிறவர்கள் நினைத்த நேரம் மோட்டரைப் போடுகிறார்கள். என் மிளகாய்க் கன்றுகள் பூவோடு வாடி நிற்கின்றன. புதிய சபை ஒன்று வந்து முறையைத் திரும்பப் பிடிக்காவிட்டால் இந்தப் போகம் எங்கள் ஆறு வீட்டுக்கும் இல்லை. இது சும்மா பதவிச் சண்டை என்று ஊர் நினைக்கிறது. எங்களுக்கு இது தண்ணீர்.

வேட்பாளர்களைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு நெஞ்சு நோ வந்திருக்கும். கடைக்காரச் செல்வராசா அண்ணை வீடுவீடாக வந்தார். "நான் வந்தா பத்து மணி முறை உங்களுக்குத்தான் பிள்ளை" என்றார். எனக்குச் சந்தோசம்தான். பிறகு கிணற்றடியில் கதைத்துப் பார்த்தால், அதே பத்து மணியைப் பதினொரு வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார். உழவு இயந்திரக்காரத் தவம், தான் வந்தால் முறையே இருக்காது என்றான். "எல்லாரும் எந்த நேரமும் போடலாம்" என்றான். சூரியனோடு கதைத்துவிட்டானோ என்று கேட்டேன். "அதெல்லாம் பாக்கலாம் அக்கா" என்றான். இவர்களோடு என் வீட்டுக்காரரும் நின்றார். அவருடைய வாக்குறுதி, தான் ஒரு வாக்குறுதியும் தரமாட்டார் என்பதுதான். ஒன்பது பேரில் அது பரவாயில்லை என்றே நினைத்தேன்.

மனுவில் முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும். செல்வராசா அண்ணை வந்தார், என் வீட்டுக் கதிரையில் இருந்தார், தேத்தண்ணீர் குடித்தார், மனுவை நீட்டினார். வீடு தேடி வந்த மனிசரிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வழிமொழிந்தேன். அடுத்த நாள் தவம் வந்தான். அவனுக்கும் வைத்தேன். பிறகு இன்னும் இரண்டு பேர். கடைசியில் வீட்டுக்காரருக்கு முன்மொழிந்தேன். ஒருவருக்கு ஒரு கையெழுத்துத்தான் என்பது மங்கலாக ஞாபகத்தில் இருந்தது. நான் ஒருத்தி கூடுதலாக வைத்தால் என்ன, மற்றவர்கள் ஒழுங்காக வைத்திருப்பார்கள் என்று இருந்துவிட்டேன்.

ஊரே அப்படித்தான் இருந்துவிட்டது, அக்கா.

கிளிநொச்சியிலிருந்து வந்த கூட்டுறவு உத்தியோகத்தர் ஒன்பது மனுவையும் மேசையில் பரப்பி, கையெழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு போனார். ஒருவருடைய பெயர் ஆறு மனுவில் இருந்தது. என் பெயர் ஐந்தில். இரண்டு வேட்பாளர்கள் தங்களை எதிர்த்து நிற்கிறவர்களுக்கே கையெழுத்து வைத்திருந்தார்கள். "நீங்கள் எல்லாருமே எல்லாருக்கும் போட்டிருக்கிறியளே?" என்று கேட்டார். பின்னாலிருந்து யாரோ, "கேட்டு வந்தவையள் சேர், என்னெண்டு இல்லையெண்டுறது?" என்றார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"கட்டின மனுசன்ர மனுவைக் கெடுத்த ஒரே பொம்பிளை நீதான்" என்று என் வீட்டுக்காரர் அந்த இடத்திலேயே சொன்னார். அவர் மூன்று பேருக்கு வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

முந்திய தேர்தல்களில் ஏன் இப்படி நடக்கவில்லை என்று அப்போதுதான் யோசித்தேன். யார் மனுவோடு வந்தாலும் நாங்கள் ஒரு பதில் வைத்திருந்தோம். "செயலாளர் அக்கா விடமாட்டா." "அக்காட்டக் கேட்டுப்போட்டுப் போடுறன்." வந்தவர் உங்களைத் திட்டிக்கொண்டு போவார். நாங்கள் நல்லவர்களாக வீட்டில் இருப்போம். ஊர் முழுவதற்கும் சேர்த்து இல்லை சொல்லும் வேலையை ஒன்பது வருடம் நீங்கள் ஒருவரே பார்த்தீர்கள். அதற்கு நாங்கள் உங்களுக்குக் கொடுத்த பெயர் திமிர் பிடித்தவர் என்பது.

நானும் அதைச் சொன்னேன். பலமாகவே சொன்னேன்.

மூன்று வருடத்துக்கு முந்திய அந்தப் பின்னேரத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். என் வீட்டுக்காரர் முதல் தடவை நிற்க ஆசைப்பட்டார். நான் பயற்றம் பணியாரம் சுட்டு எடுத்துக்கொண்டு அவரோடு உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் கதிரை இழுத்துப் போட்டு, தேத்தண்ணீர் தந்து, பணியாரம் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னீர்கள். பிறகு மனுவை அவரிடமே திருப்பிக் கொடுத்தீர்கள்.

"போடமாட்டன் தம்பி. நான் ஒராளுக்குத்தான் போடலாம்."

"ஆருக்கு அக்கா வச்சிருக்கிறியள்?"

"ஆள் வரட்டும். வரேக்க போடுவன். நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ."

அவர் குடிக்காமல் எழுந்தார். நானும் எழுந்தேன். வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டு வந்தவள் நான்தான், அவர் அல்ல. அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் உங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட எங்கள் தகரம் நகராமல் இருந்ததில்லை. அதைப் பார்த்தேன், பார்த்தும் பேசாமல் இருந்தேன்.

அந்த நாட்களில் ஒரு நாள் எங்கள் வீட்டுக் குசினி வாசலில் வந்து நின்றீர்கள். வெயிலில் லைனின் தலைப்பக்கத்திலிருந்து கடைசிக் கம்பம் வரை நடந்து வந்திருந்தீர்கள். "எல்லாரையும் நிப்பாட்டிப்போட்டு வாறன். உம்மட மோட்டரைப் போடும் பிள்ளை, மிளகாய்க் கண்டெல்லாம் வாடிக் கிடக்கு." நான் போய்ப் போட்டேன். தண்ணீர் வாய்க்காலில் ஓடத் தொடங்கும்வரை நின்று பார்த்தீர்கள். போகும்போது, "கடைசிக் கம்பத்தில இருக்கிறவளுக்குத்தான் முழு லைனும் தெரியும்" என்றீர்கள். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் உங்களுக்குத் தேத்தண்ணீர் தரவில்லை. இருங்கோ என்றுகூடச் சொல்லவில்லை.

பிறகு கதைக்கத் தொடங்கினோம்தான். மழை, கன்று, விலை என்று கதைத்தோம். அந்தக் கையெழுத்தைப் பற்றி மட்டும் இருவரும் கதைக்கவில்லை. மாசி மாதம் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். வந்த பிறகு கதைக்கலாம் என்றிருந்தேன். நீங்கள் உயிரோடு வரவில்லை.

சனிக்கிழமை உத்தியோகத்தர், "உங்கட உபவிதிப் புத்தகத்தை எடுங்கோ, நீங்களே வாசியுங்கோ" என்றார். அதற்காகத்தான் அலுமாரியைத் திறந்தோம். பக்கத்தில் நின்றதால் நான் எடுத்தேன். ஒருவருக்கு ஒரு கையெழுத்து என்ற விதி இருக்கும் பக்கத்தில், வேப்பிலையோடு ஒரு தாள் மடித்துக் கிடந்தது. மூன்று வருடத்துக்கு முந்திய வேட்புமனு. வேட்பாளர் என்ற இடத்தில் என் பெயர். அப்பாவின் பெயரோடு, என் அடையாள அட்டையில் இருப்பதுபோல் முழுப் பெயர், உங்கள் குண்டு எழுத்தில். முன்மொழிபவர் என்ற இடத்தில் உங்கள் கையெழுத்து. வேட்பாளரின் சம்மதம் என்ற இடம் வெறுமையாக இருந்தது.

அக்கா, உங்களுக்கு வாய் இல்லையா? ஊர் முழுவதற்கும் மாட்டன் என்று சொல்லத் தெரிந்த வாய்க்கு, எனக்கு ஒருமுறை "நீர் நில்லும்" என்று சொல்ல வரவில்லையா? ஆள் வரட்டும் என்றீர்களே, ஆள் உங்கள் முன்னால் பணியாரத் தட்டோடு இருந்தாளே! வீட்டுக்காரருக்கு முன்னால் சொன்னால் என் வீட்டில் சண்டை வரும் என்று நினைத்திருப்பீர்கள். வந்திருக்கும்தான். ஆனால் பிறகு எத்தனை நாள் இருந்தது? கிணற்றடியில் சொல்லியிருக்கலாம். மழையைப் பற்றிக் கதைத்த நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருக்கலாம். நானாக வந்து கேட்க வேண்டும் என்று காத்திருந்தீர்கள். எனக்கு அப்படி ஒரு நினைப்பே வராது என்று உங்களுக்கு ஏன் தெரியாமல் போனது? வீட்டுக்காரருக்காகக் கேட்கத்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

தாளை உத்தியோகத்தரிடம் காட்டினேன். "இது செல்லாது அம்மா" என்றார். அது எனக்கும் தெரியும். புதிதாக மனுப் போட ஒரு கிழமை தவணை தந்துவிட்டுப் போனார்.

வீட்டில் அந்தத் தாளை என் வீட்டுக்காரர் இரண்டு தடவை வாசித்தார். "அப்ப அவ எனக்குப் போடாததுக்குக் காரணம் நீயோ?" என்று கேட்டார். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை நான் புது மனுவை நிரப்பி மேசையில் வைத்தேன். அவர் தன்னுடைய வெறும் மனுவையும் என்னுடையதையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு பேனையைக் கேட்டார். "ஒரு கையெழுத்துத்தானே இருக்கு. உனக்கே போட்டுத் துலைக்கிறன்" என்று சொல்லி வழிமொழிந்தார். தான் நிற்பதைப் பற்றி அதன் பிறகு கதை எடுக்கவில்லை. முன்மொழிந்தவர் எங்கள் வரிசையில் ஆறாவது வீட்டு அக்கா. அவவிடம் நானாகப் போய், வேலிப் படலையில் நின்று, வாய்திறந்து கேட்டேன்.

நேற்றுப் பின்னேரம் செல்வராசா அண்ணை மறுபடியும் வந்தார். அதே கதிரை. புது மனு. நான் தேத்தண்ணீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். "போடமாட்டன் அண்ணை. நான் ஒராளுக்குத்தான் போடலாம்" என்றேன். என் கையெழுத்து நாலாவது வீட்டுப் பிள்ளைக்கு. அவளும் நிற்கிறாள், அவள் இன்னும் கேட்கவில்லை. நானே இன்றைக்குப் போய்ச் சொல்லப்போகிறேன். காத்திருக்க எனக்கு உங்கள் பொறுமை இல்லை.

"நீயும் அவவைப்போல திமிரெடுத்திட்டாய்" என்றார் அண்ணை. எழுந்து போய்விட்டார். அவரைத் திரும்பக் கூப்பிடப் படலைவரை போய், கூப்பிடாமலே வந்தேன். ஒரு இல்லைக்கே இப்படி என்றால், ஒன்பது வருடம் நீங்கள் வீட்டுக்குள் போய் என்ன செய்தீர்கள் என்று நினைத்தேன்.

அவருடைய தேத்தண்ணீர் தொடாமல் இருந்தது. உங்களுக்கு அன்று தராத தேத்தண்ணீரைத்தான் அவருக்குப் போட்டேனோ என்னவோ, கீழே ஊற்ற மனம் வரவில்லை. வாசலில் இருந்து நானே குடித்தேன், அக்கா. சீனி கூடிப்போயிருந்தது.